சரக்கோடு அறிவும் வரட்டும்



ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருக்கும் நம்மவரின் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்ததும், படித்தது போதும், வாப்பாவுக்குத் துணையாகக் கடையில் நில் என்று கூறிவிடுகின்றோம். அதன் பின்னர் அப்பிள்ளைக்கு வாய்க்கும் வெளியுலகம் ஒன்றே ஒன்றுதான்: சரக்கெடுப்பதற்காகக் கொழும்புக்கு இறங்குவது. கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை எனப் பேருந்து வளைந்து வளைந்து செல்லும். அவன் உறங்குவான். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பட்டியலை நீட்டுவான், மூட்டைகளை லொறியில் ஏற்றுவான், அன்றிரவே திரும்புவான். மாதம் இருமுறை சென்றால் ஐந்து ஆண்டுகளில் நூற்றிருபது பயணங்கள்! அத்தனையிலும் அவன் கொண்டு வந்தது சரக்கு மட்டும்தான் என்றால், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

வியாபாரப் பயணம் இழிவானதன்று. குறைஷிகளின் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் இறைவன் தன் திருமறையிலே தனி அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். பூமியில் சுற்றித் திரிந்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்குமாறும் அதே திருமறை ஏவுகின்றது. ஆக, பயணத்தில் காலும் நடக்க வேண்டும், கண்ணும் திறந்திருக்க வேண்டும்.

நம் மலைநாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாற்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த அவர், விடுமுறை என்று எடுத்துச் சென்றதாகக் கூறப்படுவது ஒரே ஒரு பயணம்தான். 1874இல் அவர் டார்ஜிலிங் சென்றார். அங்கு சென்றும் ஓய்வெடுக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களையே பார்வையிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றுவிட்டது; இனிக் கற்பதற்கு என்ன இருக்கின்றது என்று அவர் இருந்துவிடவில்லை. (அந்த அறிவினால் விளைந்த செல்வத்தில், தமிழகத்திலிருந்து நடந்து வந்து காடழித்தவர்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விடயம்.)

பாவா ஆதம் மலையை நாம் தினமும் பார்க்கின்றோம். 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா அதிலே ஏறினார். மாலைதீவில் காழியாக இருந்துவிட்டுப் புறப்பட்ட அவரைக் கப்பல் நம் நாட்டுக் கரையில் கொண்டு வந்து சேர்த்தது. ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றபோது, அம்மலையைத் தரிசிக்க வழி செய்து தருமாறே அவர் கேட்டார். அரசன் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினான். வழியில் அவர் கண்டவற்றைப் பாருங்கள்: குரங்குகளைக் கவனிக்கின்றார், மலையில் தொங்கும் சங்கிலிகளைக் கவனிக்கின்றார், கடிக்கும் அட்டையையும் அதன் மேல் பிழிவதற்காக மக்கள் ஆயத்தமாக வைத்திருக்கும் எலுமிச்சையையும் கூட விடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னர் மொரோக்கோவில் அமர்ந்து இவற்றையெல்லாம் சொல்லி எழுதுவித்தார். நாமோ அதே அட்டைகளின் நடுவே வாழ்கின்றோம். ஒரு வரி எழுதி வைத்ததுண்டா?

வாலிபச் சகோதரனே! பெரிய நூல்களை நான் உன்னிடம் கேட்கவில்லை. உன் கடையில் தேயிலைப் பக்கற்று விற்கின்றாய். ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கின்றது என்பதைத் தோட்டத்துச் சகோதரர்கள் உனக்குச் சொல்லித் தருவார்கள். அதன் விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது? 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் ஏலத்தில்! 2020இலிருந்து அது கணினி வழியாக நடைபெறுகின்றது. அடுத்த முறை இறங்கும்போது அதைப் பற்றி அறிந்தவர் ஒருவரிடம் கேட்டுப் பார். மொத்த வியாபாரி கடன் கணக்கை எப்படி வைத்திருக்கின்றார் என்று கேள். பெயர்ப் பலகைகளைப் பார்த்துச் சிங்கள எழுத்தைப் படித்துப் பழகு. ளுஹர் தொழுத பள்ளிவாசலில் ஆலிம் ஒருவர் இருந்தால், மனதிலுள்ள ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவு பெறு. மார்க்க அறிவு வேறு, வியாபார அறிவு வேறு என்று பிரித்தவர்கள் நம் முன்னோர் அல்லர். இமாம் அபூஹனீஃபா அவர்கள் கூஃபாவில் பட்டு வியாபாரியாக இருந்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அறிவு தேடுகின்றேன் என்ற பெயரில் கொழும்பில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வருவதற்கு இதில் அனுமதி இல்லை. பிரயாணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை என்றும், காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்பட்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள்.

பெற்றோர்களே! கடையைப் பார்ப்பதா, படிப்பைப் பார்ப்பதா என்று நீங்கள் கேட்பது நியாயமே. உமர் (ரழி) அவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. நபிமொழி ஒன்று தமக்குத் தெரியாமற் போனபோது, சந்தை வியாபாரம் தம்மைத் திசைதிருப்பிவிட்டதாக அவர்களே வருந்தினார்கள். ஆயினும் அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். மதீனாவின் மேட்டுப்புறத்தில் குடியிருந்த காலத்தில், அயலவரான அன்ஸாரி ஒருவருடன் ஓர் ஏற்பாடு செய்து கொண்டார்கள். ஒரு நாள் இவர் நபியவர்களிடம் இறங்கிச் செல்வார், மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று கேட்டதை மற்றவருக்கு வந்து சொல்வார். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பாடத்திலேயே இது பதிவாகியிருக்கின்றது. மேட்டிலிருந்து இறங்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு எங்கே கிடைக்கும்!

உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒருவன் இறங்கட்டும், மற்றவன் கடையிலிருந்து மாலை வகுப்புக்குச் செல்லட்டும். அடுத்த முறை மாறிக் கொள்ளட்டும். ஒரே பிள்ளையாயின், பக்கத்துக் கடைக்காரரின் மகனோடு சேர்த்து விடுங்கள். பயணம் முடிந்து வந்த இரவில், மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னர், இன்று என்ன கண்டாய், யாரிடம் என்ன கேட்டாய் என்று வாப்பாவும் உம்மாவும் கேட்க வேண்டும். இரண்டு தடவை பதில் இல்லாமல் நிற்பான். மூன்றாவது தடவை, நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே கித்துல்கலையில் விழித்திருப்பான்.