ஏடும் திரையும்



பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில் தோன்றிய ஆழ்வார் தம் ஏடுகளைக் காவிரியில் விட, திருச்சந்த விருத்தமும் நான்முகன் திருவந்தாதியும் மட்டுமே நீரை எதிர்த்து மீண்டன என்பது வைணவ மரபு. ஏனைய ஏடுகள் என்னவாயின என்று எவரும் கேட்பதில்லை!

மீண்ட இரண்டும் அச்சேறின; இன்று மின்னூலாகவும் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிவந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிப் பிழைதிருத்திய நூல்களுள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் ஒன்று. தொடக்க ஆண்டுகளில் உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அந்நூல்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே அத்தடை நீங்கியது. ஓலையைப் போலவே மின்னூலும் படியெடுப்போரை வேண்டி நிற்பது.

கவிஞர்க்கு வேறொரு கவலையும் உண்டு. கைப்பேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் அடி முறிகிறது. நான்முகன் திருவந்தாதியின் 96 பாக்களும் வெண்பாக்கள். அடி முறிந்தாலும் எதுகையும் தளையும் பயின்ற செவிக்கு வழிகாட்டும். புதுக்கவிதைக்கு அத்துணை இல்லை. அடி முடியுமிடமே அதன் யாப்பு; அது கலைந்தால் எஞ்சுவது உரைநடைதான்.

அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் சில நூறு படிகளே அச்சாகும் கவிதைத் தொகுப்புகளை எவர் தட்டெழுதுவார்? கவிஞரே முன்வரல் வேண்டும். அச்சுப்படியை அருகில் வைத்து, அடியடியாக ஒப்புநோக்கி.