பேச்சு போனாலும் பாட்டு இருக்கு



எங்க மாமியாரை உங்களில் பல பேருக்குத் தெரியும். எங்க குழுவுக்குப் பத்து வருஷம் பொருளாளரா இருந்தவங்க. மூணு வருஷத்துக்கு முன்னால பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. தண்ணி கேக்கக்கூட வாய் வராது. பார்க்க வந்தவங்க, "இனி இவங்களுக்கு ஒண்ணும் புரியாது"ன்னு அவங்க முன்னாலேயே சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஒருநாள் என் பேத்தி தொட்டில்ல அழுதுக்கிட்டே இருந்தா. கட்டில்ல படுத்திருந்த அத்தை திடீர்னு தாலாட்டு பாட ஆரம்பிச்சாங்க. வார்த்தை ஒண்ணொண்ணும் சுத்தமா வந்துச்சு. குழந்தை அழுகையை நிறுத்திட்டா. எங்களுக்குத்தான் அழுகை வந்துருச்சு.

பேச்சுப் பயிற்சி தர்றவங்ககிட்ட போய்க் கேட்டோம். பெரும்பாலானவங்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். பாடும்போது வலது பக்கமும் சேர்ந்து உழைக்குது. அதனால இடது பக்கம் பாதிச்சாலும், மனசுல ஊறின பாட்டு சிலருக்குத் தங்கிடுதுன்னு சொன்னாங்க. 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதையே ஒரு பயிற்சி முறையாக வெளியிட்டிருக்காங்க. 2011-ல் தலையில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸும் பாட்டுப் பயிற்சியின் துணையோட வார்த்தைகளை மீட்டிருக்காங்க.

முறை இதுதான். "தண்ணி வேணும்" மாதிரி அன்றாடம் தேவைப்படுற சின்ன வாக்கியத்தை ராகமா இழுத்துச் சொல்லணும். ஒவ்வொரு அசைக்கும் அவங்க இடது கையைப் பிடிச்சு மெதுவா தட்டணும். முதல்ல நாம சொல்லணும், அப்புறம் சேர்ந்து சொல்லணும், பிறகு அவங்களே சொல்லணும். போகப் போக ராகத்தைக் குறைச்சு, சாதாரணப் பேச்சுக்குக் கொண்டு வரணும். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. பொறுமை வேணும், பயிற்சி தர்றவங்க வழிகாட்டணும்.

ஆறு மாசம் தினமும் செஞ்சோம். ஒருநாள் வீட்டுல, "அம்மாவோட குழுச் சேமிப்பை எடுத்துக் கணக்கை முடிச்சிடலாம்"னு பேச்சு வந்துச்சு. அத்தை இடது கையால கட்டிலைத் தட்டி, "வே-ணாம்"னாங்க. இன்னைக்கும் அவங்க நம்ம உறுப்பினர்தான். மாசாமாசம் சேமிப்பு கட்டுறாங்க.

சகோதரிகளே, யாருக்காவது திடீர்னு வாய் கோணினா, ஒரு கை துவண்டா, பேச்சு குழறினா, கை வைத்தியம் பார்க்காம உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. மூளையில் ரத்தக்கட்டி அடைச்சிருந்தா, அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். பேச்சு போனவங்க வீட்டுல இருந்தா, அவங்க முன்னால வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க. பக்கத்துல உட்கார்ந்து, அவங்களுக்குப் பழகின பாட்டைப் பாடிப் பாருங்க.