பாவை யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

செம்மேட்டு வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் போனுக்குள் தலை கவிழ்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா, செல்போனைக் கொல்லிப்பாவை என்றார். சிரித்து மயக்கி உயிர் குடிப்பவளாம். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் கதை அதோடு முடியவில்லையே! இந்தக் கொல்லிமலையில் தவம் செய்த முனிவர்களுக்குக் காவலாகத்தானே பாவையை நிறுத்தினார்கள்? அரக்கர் வாடை அடித்தால்தானே அவள் சிரிப்பாள்? அப்படியானால் ஐயா, போன் பாவை இல்லை. போனுக்கு நாம் வைக்க மறந்த காவல்தான் பாவை.

காவல் வைக்கச் சொன்னால், “மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?” என்கிறார்கள். மரவள்ளிக் காட்டுக்கு வேலி போடுகிறவர் எதை மறைக்கிறார்? பன்றி நுழையக் கூடாது என்று போடுகிறார், அவ்வளவுதான். அந்தரங்கம் என்ற அந்த வேலி ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். நாமோ ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்ததும், தேங்காய் உடைக்கும் முன்பே ஸ்டேட்டஸ் போடுகிறோம். சாமிக்குத் தெரிகிறதோ இல்லையோ, வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

நம் வேலி நம் கையில் மட்டும் இருப்பதும் இல்லை. ஒரு செயலி வழியே ஃபேஸ்புக் விவரங்களைத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபோது ஃபேஸ்புக் நிறுவனமே கொடுத்த கணக்கு இது: இந்தியாவில் அந்தச் செயலியை இறக்கியவர்கள் 335 பேர். விவரம் வெளியே போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். மற்றவர்கள் செய்த தவறு, அந்த 335 பேரோடு நட்பில் இருந்ததுதான். சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பலாப்பழத்துக்கு அரை மணி நேரம் விலை பேசுகிறோம். நம் விவரத்தை விற்றபோது நம்மை யாரும் விலைகூடக் கேட்கவில்லை.

ஆனால் நான் மலையேறி வந்தது இதைச் சொல்ல இல்லை.

எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் சேலம் தூரமில்லை. 2016 ஜூன் மாதம் அந்த மாவட்டத்தில், பட்டம் முடித்த 21 வயதுப் பெண்ணின் முகத்தை வேறோர் உடம்போடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. விசாரணை நகர்வதற்குள் இன்னொரு படம் வந்தது. அந்தப் பிள்ளையை நாம் இழந்தோம். புகார் கொடுத்த குடும்பத்திடமே செல்போனை லஞ்சமாக வாங்கியதாகக் காவலர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வீட்டாரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவள் கடிதத்தில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன்?

தாய்மார்களே, உங்கள் மகள் ராத்திரி அழுதுகொண்டே போனை நீட்டினால் முதல் வார்த்தை என்ன சொல்வீர்கள்? “உன்னை யாரு போட்டோ போடச் சொன்னது?” என்றுதானே? மிரட்டுகிறவன் அந்த வார்த்தையை நம்பித்தான் தொழில் நடத்துகிறான். அவனுக்கு முதல் அந்தப் படம் இல்லை. “அம்மாகிட்ட சொல்லிடுவேன்” என்றதும் பிள்ளை நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான் அவனுக்கு முதல்.

பொள்ளாச்சியில் பெண்களைச் சீரழித்த கும்பலும் அந்த நடுக்கத்தை வைத்துத்தான் மிரட்டியது. ஃபேஸ்புக் பழக்கம், பிறகு வீடியோ, பிறகு பணம், நகை. 2019-இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். காப்பாற்ற வேண்டிய காவல்துறை அதிகாரியோ அவருடைய அடையாளத்தைப் பத்திரிகையாளர்கள் முன் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் அச்சானது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. 2025 மே 13 அன்று அந்தக் கும்பலைச் சேர்ந்த ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தங்கைகளே, மிரட்டல் வந்தால் பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பாதீர்கள். சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்க வழி உண்டு. ஒட்டுவேலை செய்த ஆபாசப் படத்தைப் புகார் வந்ததும் குறித்த கெடுவுக்குள் சமூக ஊடக நிறுவனங்கள் நீக்கியாக வேண்டும் என்று 2021-இலேயே விதி வந்துவிட்டது. பெரியவர்களே, நீங்கள் போனைப் பிடுங்கி உடைத்தால் சாட்சியமும் சேர்ந்து உடையும்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். போனைக் கொண்டு வாருங்கள், உங்கள் டிபியை யார் யார் பார்க்கலாம் என்று எங்கே மாற்றுவது எனக் காட்டித் தருகிறேன். பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். என்மீதும் அரக்கர் வாடை அடிக்கலாம், யார் கண்டது?