கோட்டையூர் நூற்குவையும் கடல் கடந்த பல்கலைக்கழகமும்



பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. அதில் நூலகத்துக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்பெறும். இத்தனை ஆயிரம் நூல்கள் வாங்கப்பெற்றன. இத்தனை பேர் வந்து படித்தனர். இத்தனை கணிப்பொறிகள் புதியனவாக அமைக்கப்பெற்றன. இன்ன இன்ன நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளப்பெற்றது என்றெல்லாம் அப்பக்கங்கள் பேசும். அவை பொய்யல்ல. உழைத்தவர்தம் உழைப்பைக் குறைத்துப் பேசுவதும் முறையன்று. ஆயினும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றன் அறிக்கையைக் கையில் எடுக்கும் தமிழன் முதலில் தேட வேண்டிய வரி வேறொன்று. அழிய இருந்த தமிழ்த்தாள் இவ்வாண்டில் எவ்வளவு காக்கப்பெற்றது என்பதே அவ்வரி. கடையில் கிடைக்கும் நூலை இவ்வாண்டு வாங்காவிடின் அடுத்த ஆண்டு வாங்கலாம். ஒரே படியாக எஞ்சியிருந்த நூல் கரையான் வாய்ப் பட்டபின், எந்தக் கருவூலத்துப் பணமும் அதனை மீட்டுத் தராது.

இதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை.

அவ்வூரில் வாழ்ந்தவர் உரோசா முத்தையா. அவர் பேராசிரியர் அல்லர். நூலகத்துறைப் பட்டம் பெற்றவரும் அல்லர். இளமையில் சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். எழுத்தை வண்ணமாகத் தீட்டிய அந்தக் கை, பின்னர் எழுத்து அச்சேறிய தாள்களையெல்லாம் திரட்டத் தொடங்கியது. பெரும்புலவர் பதிப்பித்த இலக்கியங்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடகத் துண்டறிக்கை, திரைப்படப் பாட்டுப் பொத்தகம், தெருவில் காலணாவுக்கு விற்ற குசிலிப் பாட்டு, கைமருத்துவ ஏடு, சமையற் குறிப்பு, அழைப்பிதழ், பழைய கிழமை இதழ் என எது கிடைத்தாலும் அதனைப் பேணினார். பிறர் குப்பை என்று ஒதுக்கியதை அவர் குவை என்று மதித்தார். அதனாலேயே ஆய்வாளர் பலர் ஊர் தேடி, வீடு தேடிக் கோட்டையூருக்குச் சென்றனர். பெரிய நூலகங்களில் இல்லாதது அவர் வீட்டில் இருந்தது.

அவர் 1992-இல் மறைந்தார். அப்பொழுது அவ்வீட்டில் ஏறத்தாழ ஓரிலக்கம் உருப்படிகள் இருந்தன. அவற்றுள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சானவையும் அடங்கும். தனி மாந்தர் ஒருவர் சேர்த்த நூற்குவை அவர் கண்மூடியபின் என்னாகும் என்பதைத் தமிழர் நன்கறிவர். பழந்தாள் வாங்குவோர் தராசுடன் வாயிலில் வந்து நிற்பார். அந்த நிலை கோட்டையூருக்கு நேரவில்லை. 1994-இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ பல்கலைக்கழகம் அக்குவை முழுவதையும் விலை கொடுத்து வாங்கியது.

இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி இருக்கின்றது. வாங்கியவர் அதனைக் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. தமிழ் நூல்கள் தமிழ் மண்ணிலேயே இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தனர். சென்னையில் உரோசா முத்தையா ஆய்வு நூலகம் என்னும் பெயரில், சேர்த்தவர் பெயரையே தாங்கி, அந்நூலகம் அமைந்தது. மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் முதலில் முகப்பேரில் இயங்கிப் பின்னர்த் தரமணிக்கு மாறியது. கடல் கடந்து சென்றவை படச்சுருள்கள். நூல்கள் இங்கேயே நின்றன.

அந்தப் படச்சுருள் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழால் செய்த மலிவுத்தாள் பெருகிற்று. அத்தாளுள் எஞ்சும் காடி அத்தாளையே மெல்ல மெல்ல அரிக்கும். தாள் பழுப்பேறும், மடித்த இடத்தில் முறியும், பின்னர் விரல் பட்டாலே பொடியாகும். முந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிய ஓலை இன்றும் படிக்கத்தக்கதாய் இருக்க, எண்பது ஆண்டுக்கு முன் அச்சிட்ட பொத்தகம் கையில் உதிர்வது இதனால்தான். தமிழ்நாட்டு வெப்பமும் கடற்கரை ஈரமும் இக்கேட்டை விரைவுபடுத்தும். ஆதலால் ஒவ்வொரு பக்கத்தையும் மிகச் சிறிய படமாகச் சுருளில் பதிவு செய்தனர். முதற்சுருளை யாரும் தொடாமல் குளிரறையில் வைப்பர். அதிலிருந்து இரண்டாம் சுருள். படிப்பவர் கையாள மூன்றாவது. மூன்றாவது தேய்ந்தால் இரண்டாவதிலிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் கணிப்பொறிப் பதிவு வந்தது. அழிவின் வாயிலில் உள்ள ஆவணங்களுக்கெனப் பிரித்தானிய நூலகம் 2004-இல் தொடங்கிய திட்டத்தோடும் அந்நூலகம் கைகோத்துப் பிற இடங்களில் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களையும் படமாக்கியது. 2007-இல் அறிஞர் ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டலில் சிந்துவெளி ஆய்வுக்கு ஒரு நடுவமும் அங்கே தோன்றிற்று. பலகை எழுதியவர் சேர்த்த தாள்களின் நடுவே, தமிழினத்தின் தொன்மையைத் தேடும் ஆய்வு குடிபுகுந்தது!

இவ்வரலாற்றைக் கேட்கும் தமிழன் நெஞ்சில் இரண்டு உணர்ச்சிகள் எழும். ஒன்று நன்றி, அதனைத் தயங்காமல் சொல்லுதல் வேண்டும். மற்றொன்று நாணம். அக்குவையை விலை கொடுத்துக் காக்க முன்வந்த பல்கலைக்கழகம் தமிழ் வழங்கும் நிலத்தில் இல்லாமல், பல்லாயிரம் கல்லுக்கு அப்பால், மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்ததே! தமிழ் தமிழ் என்று மேடை அதிர முழங்கும் நாட்டில், ஓரிலக்கம் தாளுக்கு ஒரு கூரை கொடுக்க அயலார் வர வேண்டியதாயிற்று.

இது புதிய கதையும் அன்று. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதல் அச்சான நூல் தம்பிரான் வணக்கம். 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. பதினாறு பக்கமே உள்ள சிறு நூல். அதன் எஞ்சிய படி இருக்குமிடம் அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகம். 1867-இல் ஆங்கில அரசு அச்சகச் சட்டம் இயற்றி, அச்சாகும் நூல்களின் படிகளை அரசுக்குத் தரச் செய்தது. தமிழ்மீது கொண்ட காதலால் அன்று. யார் என்ன எழுதுகின்றனர் என்று அறிந்துகொள்வதற்காக! ஆனால் அதன் பயனாக இலண்டனுக்குச் சென்று சேர்ந்த தமிழ் நூல்கள் பல. பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல் 1909-இலேயே வெளிவந்துவிட்டது. ஆண்டவன் அடிமையின் பேச்சைக் கண்காணிக்கத் திரட்டிய தாள், அடிமையின் பேரனுக்கு ஆய்வுக் கருவூலமாயிற்று. பிறர் கண்காணிப்பும் பிறர் ஆர்வமும் காத்த அளவுகூட, உரியவர் பற்றுக் காக்கவில்லை என்பது கசப்பான உண்மை.

பட்டியல் என்ற சொல் வந்ததால் இடையில் ஒரு சிறு செய்தி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் தமிழ் நூற்பெயரை நெடுங்காலம் உரோமன் எழுத்தில்தான் தேட வேண்டியிருந்தது. அது அவர்தம் தொல்லை. தமிழரே விளைத்துக்கொண்ட தொல்லை வேறொன்று. பழைய நூல்கள் பலவற்றின் முகப்பில் ஆண்டெண் இராது. அறுபதாண்டுச் சுழற்சியின் வடமொழிப் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ என்று கண்டால் அது 1807-ஆ, 1867-ஆ, 1927-ஆ என்று நூலகர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். தொடராண்டு எண்ணாத பழக்கத்தால் எத்தனை நூல்களின் அகவை குழம்பிக் கிடக்கின்றது! திருவள்ளுவராண்டு வேண்டும் என்று தனித்தமிழியக்கம் வற்புறுத்தியதன் பயனை அறிய விரும்புவோர் ஒரு நூலகப் பட்டியலறையில் ஒருநாள் அமர்ந்து பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களைப் பூட்டி வைக்கும் அறையாக இருந்ததை, படிப்பவர் தாமே பேழையருகே சென்று எடுக்கும் இடமாக மாற்றினார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். உலகம் இன்றும் அவற்றைப் படிக்கின்றது. பல்கலைக்கழகச் சுவரோடு அவர் பணி நிற்கவில்லை. சென்னை நூலகச் சங்கம் வழியே ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்று உழைத்தார். அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டப்பெற்றது. உழவன் கட்டும் வரியில் நூலகம் நடக்கும் நாட்டில், அவன் வீட்டுப் பரணில் கிடக்கும் தாளைக் கேட்டுப் பெற நூலகம் அவன் வாயிலுக்குச் சென்றால் என்ன? வண்டி நூல்களை ஏற்றிச் சென்றது போல, நூல்களை ஏற்றி வரவும் வேண்டாமா? அண்மைக் காலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் திறந்த மின்னூலகம் இத்திசையில் நல்லதோர் அடி. அது போன்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வட்டாரத்து அச்சுத்தாளுக்குத் தானே பொறுப்பேற்றல் வேண்டும்.

ஒன்றே இடத்தில் வைப்பது போதுமா என்று கேட்போர்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். 1981-ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவு கடந்து சூன் 1 விடியுமுன், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை அவற்றுள் இருந்தன. அந்தச் சாம்பலிலிருந்து பாடம் கற்ற ஈழத்து இளைஞர் 2005-இல் நூலகம் என்னும் பெயரிலேயே மின்வழித் திரட்டு ஒன்றைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் இதழ்களும் இன்று எந்த நாட்டிலிருந்தும் படிக்கக் கிடைக்கின்றன. நூலகங்களின் கூட்டுறவு என்பது விருந்துண்டு கையொப்பமிடும் சடங்கன்று. ஓரிடத்தில் தீ மூண்டால் மற்றோரிடத்தில் படி இருக்கின்றது என்னும் உறுதியே அது. சிக்காகோவில் இருக்கும் சுருள் சென்னை நூலுக்குக் காப்பு. சென்னை நூல் அச்சுருளுக்குக் காப்பு.

இனி, இவ்வியக்கத்தாரையே நோக்கி ஒரு சொல். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் வித்தூன்றினார். தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்த நூல்களைப் பொதுமக்கட்கே உரியனவாக்கிச் சென்றார். 1950-இல் அவர் மறைந்தபின், கழக ஆட்சியாளர் வ. சுப்பையா பிள்ளை முயற்சியால் 1958-இல் மறைமலையடிகள் நூலகம் சென்னையில் திறக்கப்பெற்றது. தலைவர் வழி அதுவாயிற்று. தொண்டர் வழி என்ன? 1959-இல் தென்மொழி தொடங்கிய நாள்முதல், எத்தனை திங்களிதழ்கள், எத்தனை கைம்மடல்கள், எத்தனை மாநாட்டு மலர்கள், எத்தனை இந்தி எதிர்ப்புத் துண்டறிக்கைகள் வெளிவந்தன! வீட்டுச் சோற்றுப் பணத்தில் அச்சிட்டு, மிதிவண்டியில் கொண்டு சென்று கொடுத்தவை அவை. சிற்றூர் ஆசிரியர் பெட்டியிலும், மறைந்த தொண்டரின் மனைவி கையிலும், மூடிய படிப்பகங்களின் நிலைப்பேழையிலும் எஞ்சியவை கிடக்கின்றன. முழுத்தொகுதி கேட்டு வரும் ஆய்வு மாணவனுக்கு இடையிடையே விடுபட்ட இதழ்களே கிடைக்கின்றன. ஓரியக்கத்தின் வரலாற்றை அதன் பகைவர் எழுதியதிலிருந்து படிக்கும் நிலை வரலாமா?

ஆகவே இன்றிரவு வீடு திரும்புவோர் தம் பரணைப் பார்க்க. கிடைப்பது கிழிந்திருப்பினும் எறியற்க. துருப்பிடித்த தைப்புக்கம்பியை மெல்லக் கழற்றுக. கிழிசலில் பசைநாடா ஒட்டற்க. அந்தப் பசையே நாளடைவில் தாளைக் கறையாக்கும். நெகிழித்தாளுக்குள் வைத்துச் சூட்டில் உருக்கி மூடுவது அதனினும் கேடு; மூடியதைப் பின்னர்ப் பிரிக்க இயலாது. ஈரம் ஏறாத பெட்டியில் படுக்கையாக அடுக்குக. எவ்வூரில், எவரிடமிருந்து, எந்த ஆண்டில் கிடைத்தது என்று தனித்தாளில் கரிக்கோலால் எழுதி உடன் வைக்க. பின்னர் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகரை ஐவராகச் சேர்ந்து சென்று காண்க. தருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க: பட்டியலில் இது தமிழெழுத்தில் ஏறுமா? படமெடுத்து வேறோர் இடத்திலும் படி வைக்கப்படுமா? பட்டம் இல்லாத பொதுமக்களும் வந்து படிக்கலாமா? மூன்றுக்கும் ஆம் என்று எழுத்தில் பெற்றபின் கொடுக்க. அடுத்த ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் அறிக்கை வரும்போது, நூலகப் பக்கத்தில் அந்த வரி இருக்கின்றதா என்று பார்த்து, இல்லையேல் மீண்டும் சென்று கேட்க.