மண்ணில் கிடந்த மன்னன்

கதையில் வரும் நல்லவனைப் படமாக எழுதுவது எளிது. கொடியவனை எழுதுவதே அரிது. சிறு வயதில் சித்திரக் கதையிலோ கேலிப்படத்திலோ கண்டு அஞ்சிய ஒரு வில்லனை நீங்கள் இன்னும் மறந்திருக்கமாட்டீர்கள். அஞ்சினீர்கள், ஆயினும் அவன் எப்பொழுது வருவான் என்றே காத்திருந்தீர்கள். எனக்கு அவ்வாறு வாய்த்தவன் துரியோதனன். அவனை நான் முதன்முதலில் கண்டது புத்தகத்தில் அன்று, தரையில்.

என் ஊர் வந்தவாசியை அடுத்த தெள்ளார். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியரை வென்று, 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழியைப் பெற்ற களம் அது. அவன் காலத்தில்தான் பெருந்தேவனார் பாரதத்தை வெண்பாவில் பாடினார். தெள்ளாற்று வெற்றியையும் அந்நூலில் குறித்தார். ஆகவே எங்கள் ஊருக்கும் பாரதத்திற்கும் உள்ள உறவு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உறவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கங்களில் கோடையில் திரௌபதியம்மன் திருவிழாக்கள் நடைபெறும். பகலில் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார்கள். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடியும்வரை நிகழும். பதினெட்டாம் போர் முடிந்த மறுநாள் காலை படுகளம். வெட்டவெளியில் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி, நீர் தெளித்துப் பிசைந்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை உருவாக்குவார்கள். முப்பது அடி நீளமும் உண்டு. ஐம்பது, அறுபது அடி நீளமும் உண்டு. தலையில் முடி, கையில் கதை, முறுக்கிய மீசை, மேலே வண்ணப் பூச்சு. தொடைக்குள் செந்நீர் நிறைந்த கலயம் ஒன்றை மறைத்து வைத்திருப்பார்கள். கூத்தில் வீமனாக வேடம் பூண்டவர் ஓடிவந்து அங்கே கதையால் அடிப்பார். செந்நீர் பாயும். விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி அதன்பின் கூந்தலை முடிப்பாள்.

எனக்கு அப்போது வயது எட்டு இருக்கலாம். கால்மாட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முகமே தெரியாது. இரண்டு பாதங்கள் குன்றுபோல் நிற்கும். அவற்றுக்கு அப்பால் வயிறு ஒரு மேடு. அதற்கும் அப்பால் மீசையின் நுனி மட்டும் வானத்தில் தெரியும். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்ட பிறகே முகத்தைக் கண்டேன். விழித்த கண்கள்.

வீட்டிற்கு வந்ததும் சிலேட்டில் அவனை வரைந்தேன். கோரைப்பல் வைத்தேன், தலையில் கொம்பும் வைத்தேன். பெரியப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா தம்பி, இவன் அரசனா, அரக்கனா?"

"கெட்டவன்தானே பெரியப்பா?"

"கெட்டவன்தான். அதற்குக் கோரைப்பல் எதற்கு? கிரீடத்தை ஒழுங்காக வரை. அதன்மேல் வைத்த ஆசையால்தான் அவன் கெட்டான்."

படம் எழுதுவதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதற்பாடம் அது. பின்னர் கூத்துக் கலைஞர்கள் வேடம் புனைவதை அருகிருந்து பார்த்தபோது அதன் பொருள் இன்னும் விளங்கிற்று. துரியோதனனுக்குச் சிவந்த முகம். இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதித்த பெரிய கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். அவற்றைத் தாங்கிக்கொண்டு அவர் இரவெல்லாம் சுழன்று ஆடவேண்டும். ஒளிபட்டுக் கண்ணாடி மின்னும்போது, அவையோர் அவனை வெறுக்க வேண்டும் என்பதையே சற்று மறந்துவிடுவார்கள். அவ்வளவு பொலிவையும் ஏற்றிவைத்து, அதன்பின் வீழ்த்துகிறார்கள். பொலிவில்லாதவன் வீழ்ந்தால் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பிற நாட்டு ஓவியரும் இதை அறிந்தே இருந்தனர். மில்டனின் காவியத்திற்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே 1866இல் வெளியிட்ட படங்களில், சாத்தான் அழகிய சிறகுடைய வீரனாகவே தோன்றுகிறான். 1959இல் வெளிவந்த டிஸ்னியின் 'உறங்கும் அழகி' படத்தில், மாலிஃபிசென்ட் என்னும் சூனியக்காரிக்குக் கொம்பு உண்டு. ஆயினும் அவள் நடை அரசியின் நடை. நம் நாட்டிலும் 'அம்புலிமாமா' ஓவியர் சங்கர், 2020இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தவர், விக்கிரமன் தோளில் தொங்கும் வேதாளத்தை எத்தனை முறை வரைந்திருப்பார்! அது பேய்தான், ஆனால் கதை சொல்லும் பேய். அதனால் பிள்ளைகளுக்கு அதனிடம் அச்சத்தோடு ஒருவகை நட்பும் உண்டாயிற்று.

இளமையில் நான் ஆரணியில் பட்டுப் புடைவைகளுக்கு வடிவம் எழுதக் கற்றுக்கொண்டேன். கட்டம் கட்டமாகக் கோடிட்ட தாளில், ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணி நிரப்பும் வேலை. ஒரு கட்டம் தவறினால் அந்தத் தவறு முந்தானை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். பாழான தாள் ஒன்றின் பின்புறத்தில் ஒருநாள் துரியோதனன் முகத்தைக் கட்டங்களால் நிரப்பிக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றதை அறியேன். "இப்படி முறைக்கிறவனை எந்தப் பெண் இடுப்பில் சுற்றிக்கொள்வாள்?" என்றார். தாளின் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார். கிரீடத்தின் ஓர வேலைப்பாடு மட்டும் நன்றாக இருக்கிறது என்று அதைக் கரைக்கு எடுத்துக்கொண்டார்! ஆக, துரியோதனனுடைய முடி எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறது. அவன் யாரென்று யாருக்கும் தெரியாது.

படுகளத்தில் நான் இன்னும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வட இந்தியாவில் விஜயதசமியன்று இராவணன் உருவத்தை எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். எங்கள் பக்கத்தில் துரியோதனனை எரிப்பதில்லை. அடி விழுந்தபின் அவன் தாயாக நின்று ஒருவர் ஒப்பாரி வைப்பார். அது ஓய்ந்ததும், கூடியிருந்தவர்கள் அவன் உடல் மண்ணைப் பிடி பிடியாக அள்ளி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். பாட்டி எங்கள் பங்கை நெற்குதிரில் போட்டார். "கெட்டவன் மண் நமக்கு எதற்குப் பாட்டி?" என்று கேட்டேன். "அழுது முடித்த பிறகு அவன் யாருக்குப் பகை?" என்று சொல்லிக் குதிரை மூடிவிட்டார். நேற்றுவரை ஏசியவர்களே அழுததைக் கண்ட குழப்பம் அன்று எனக்குத் தீரவில்லை.

அந்தக் குழப்பத்தையே படமாக எழுத இப்போது முயன்று வருகிறேன். இருமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதற்படத்தில் மேலிருந்து பார்த்தேன். அவன் வெறும் பொம்மையானான். இரண்டாவதில் முகத்தை அருகில் கொண்டுவந்தேன். மீசை மட்டுமே மிஞ்சியது. மூன்றாவதில் எட்டு வயதுப் பையன் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். தாளின் பாதியைப் பாதங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தொலைவில் கிரீடத்தின் கண்ணாடி ஒன்று வெயிலில் மின்னுகிறது. ஓரத்தில் ஒரு கிழவி முந்தானையை விரித்து மண் அள்ளுகிறாள். அவ்வளவும் எழுதியாயிற்று. கால்மாட்டிலிருந்து அவன் கண் தெரியாது. ஆனாலும் அந்தக் கண்ணை எங்கே வைப்பது என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.