வீட்டுப் புற்றரைக்கும் சாடிக் கன்றுகளுக்கும் பசளையிடுதல்

(கொழும்பில் மக்களோடு தங்கிச் செல்லும் கமக்காரர்களுக்கென நிகழ்த்தப்பட்ட பேச்சின் வாசகம்)



நெல்லையும் மரக்கறியையும் விளைவிக்கும் உங்களிடம் கொழும்பு வீடுகளின் புற்றரையைப் பற்றியும் பூச்சாடியைப் பற்றியும் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். உங்களுட் பலருடைய மக்கள் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கின்றனர். அவர்களைப் பார்க்க நீங்கள் வரும்போது முருங்கைக்காய், மாம்பழம், ஒடியல் ஆகியவற்றோடு, வயலில் மிஞ்சிய யூரியாவும் ஒரு சிறு பையில் வந்துசேர்வதுண்டு. அந்தப் பையைப் பற்றியதே இப்பேச்சு.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நான் கண்டதைக் கூறுகின்றேன். அங்கு ஒரு பெண் நான்கு ஆண்டுகளாகக் கறிவேப்பிலைக் கன்றொன்றைச் சாடியில் வளர்த்து வந்தாள். வன்னியிலிருந்து வந்திருந்த தகப்பனார், இலை சற்று வெளிறியிருக்கக் கண்டு, அன்பு மேலீட்டால் ஒரு பிடி யூரியாவை அடியில் இட்டு நீரும் ஊற்றினார். மூன்றாம் நாள் இலைகள் துவண்டன. ஒரு வாரத்தில் கன்று பட்டுப்போயிற்று. மகள் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனார் மாத்திரம் என்னிடம், "முப்பது வருடமாகப் பசளை இடுகிற கை இது, எப்படிப் பிழைத்தது?" என்று கேட்டார். அவருக்கு அன்று கூறிய விடையையே இன்று உங்களுக்கும் விரித்துக் கூறுகின்றேன்.

சாடியின் கணக்கு

வயலுக்கு ஒரு முறை மேற்கட்டாக ஏக்கருக்கு 20 கிலோ யூரியா இடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஆகவே ஒரு பேர்ச்சிற்கு 125 கிராம் விழும். ஒரு சதுர மீற்றருக்கு 5 கிராம் விழும். ஓர் அடி அகலமான சாடியின் மேற்பரப்புக்கு இதே கணக்கில் அரைக் கிராமும் வராது. ஒரு பிடி யூரியாவோ ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். அத்தகப்பனார் வயலின் அளவிலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட பசளையை அந்தச் சிறு மண்ணில் இட்டுவிட்டார்.

அதிகப் பசளை கன்றை எவ்வாறு கொல்கின்றது? ஊறுகாய்க்கு மாங்காய்த் துண்டை உப்பிட்டு வைத்தால் துண்டிலுள்ள நீர் வெளியே வந்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். பசளையும் ஒருவகை உப்பைப் போன்றே தொழிற்படுகின்றது. மண்ணின் ஈரத்தில் அது மிகுதியாகக் கரைந்திருக்கும்போது வேர் நீரை உறிஞ்ச இயலாது. வேரிலுள்ள நீரே வெளியேறும். மண் ஈரமாயிருக்கக் கன்று வாடுமாயின், அது பசியன்று, பசளை மிகுதியாயிருக்கலாம் என்று அறிக. வயலில் வேர் நல்ல மண்ணைத் தேடி ஓடலாம். சாடியில் ஓட இடமில்லை.

இவ்வாறு தவறு நேர்ந்துவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. கரையாத பசளையை மேல்மண்ணோடு வழித்தெடுத்து விடுக. பின்பு சாடியின் கொள்ளளவில் மூன்று நான்கு மடங்கு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அடித்துளை வழியே முற்றாக வடியவிடுக. மறுநாளும் அவ்வாறே செய்க. ஒரு மாதத்திற்கு எப்பசளையும் இடாதீர்கள். காலந்தாழ்த்தாது செய்தால் பல கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்.

முதலில் மண்ணையும் இலையையும் பாருங்கள்

இலை வெளிறியதெல்லாம் நைதரசன் குறைவினாலன்று. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைவு எனலாம். முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகினால் பொற்றாசியக் குறைவாயிருக்கலாம். நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. பழைய கட்டடங்களை இடித்த சுண்ணாம்பும் சாந்தும் கலந்த மண்ணில் இது பெரிதும் காணப்படும். கொட்டாஞ்சேனை போன்ற பழைய குடியிருப்புகளில், வாசலிலே கிடைத்த மண்ணையே சாடிக்கு நிரப்புவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். அம்மண்ணில் யூரியாவை எவ்வளவு இட்டாலும் இலை பச்சையாகாது. மண்ணை மாற்றுவதே பரிகாரம்.

வெள்ளவத்தையின் கடலோர வீடுகளில் உப்புக்காற்றினால் இலைநுனி கருகுவதும் உண்டு. அதற்கும் பசளை மருந்தன்று. வாரம் இருமுறை காலையில் நன்னீரால் இலைகளைக் கழுவிவிடுதலே போதும்.

ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் ஓர் உண்மையை விளக்கிப் பரப்பினார். பயிருக்கு வேண்டிய சத்துகளுள் எது மிகக் குறைவாயிருக்கின்றதோ அதுவே வளர்ச்சியை நிறுத்துகின்றது. ஏனையவற்றை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை என்பதே அது. கறிக்கு உப்புக் குறைந்தால் உப்பைத்தான் இடவேண்டும். மிளகாயைக் கூட்டுவதால் கறி சீராகாது.

புற்றரை

கொழும்பில் முற்றமுள்ள வீடுகளில் அறுகும், மலேசியப் புல் என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல்லும் வளர்க்கப்படுகின்றன. முன்னதற்கு நல்ல வெயில் வேண்டும். பின்னது ஓரளவு நிழலையும் தாங்கும்.

புல் நன்கு வளரும் காலத்தில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு பேர்ச்சிற்கு 125 கிராம் யூரியா போதுமானது. அதற்குப் பதிலாக அமோனியஞ் சல்பேற்று இடுவதாயின் ஏறக்குறைய 275 கிராம் வேண்டும். ஏனெனில் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசனும், அமோனியஞ் சல்பேற்றில் 21 பங்கும் உள்ளன. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 100 கிராம் மியூறியேற்றுப் பொற்றாசும் இடலாம்.

இடும் முறை: பசளையை உலர்ந்த மணலுடன் கலந்து இரு பங்காக்குக. ஒரு பங்கை வடக்குத் தெற்காக நடந்தும், மற்றதைக் கிழக்கு மேற்காக நடந்தும் தூவுக. புல்லின் இலை உலர்ந்திருக்க வேண்டும். தூவியவுடன் பூவாளியால் நீர் தெளித்து மண்ணில் இறக்க வேண்டும். வெயிலில் மேலே கிடக்கும் யூரியா அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

புல்லை ஒருமுறை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டிய துணுக்குகளை அள்ளி எறியவும் வேண்டாம். அவை அங்கேயே மக்கினால் புல்லுக்கு வேண்டிய நைதரசனில் ஏறக்குறைய கால்பங்கு திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அரித்த கூட்டெருவையும் மணலையும் கலந்து மெல்லிய படையாகத் தூவுதல் மிக நன்று.

மிதிபட்டு இறுகிய நிலத்திற்குப் பசளை உதவாது. காலிமுகத்திடலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1859இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்டு காலத்தில் அமைந்த அத்திடலில், ஆட்கள் ஓயாது நடக்குமிடங்களில் புல் தேய்ந்து மண் தெரியும். காரணம் பசியன்று, மூச்சுத்திணறல். வீட்டு முற்றத்தில் அவ்வாறான இடத்தை முள்ளுக்கரண்டி போன்ற கருவியால் நான்கு விரல் ஆழத்திற்குக் குத்தி, துளைகளில் மணலும் கூட்டெருவும் இறங்கச் செய்க.

சாடிக் கன்றுகள்

நல்ல மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு ஆகியவற்றைக் கலந்த கலவை செவ்வரத்தை, மல்லிகை, குரோட்டன், மிளகாய், கத்தரி ஆகிய யாவற்றுக்கும் பொருந்தும். மேல்மாடத்தில் பாரம் குறையவேண்டுமாயின் மணலுக்குப் பதிலாகக் கழுவிய தும்புத்தூளைச் சேர்க்கலாம். அடித்துளை அடைபடாதிருத்தல் இன்றியமையாதது.

நட்டு ஒரு மாதம் வரை வேறு பசளை வேண்டியதில்லை. அதன்பின் கன்று வளரும்போது, ஒரு லீற்றர் நீரில் கால் தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து, ஓரடிச் சாடிக்கு அரை லீற்றர் வீதம் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றுக. ஊற்றுமுன் மண் ஈரமாயிருத்தல் வேண்டும். காய்ந்த மண்ணில் பசளைநீர் வேரைச் சுடும். பூக்கும், காய்க்கும் கன்றுகளுக்கு யூரியாவைக் குறைத்துச் சிட்டிகையளவு மியூறியேற்றுப் பொற்றாசைச் சேர்க்கலாம். யூரியா மிகுந்தால் இலை செழிக்கும், பூ வராது. அசுவுணியும் வந்து மொய்க்கும்.

சாடியின் விளிம்பில் வெண்மையாக உப்புப் பூத்தால், பசளை மிகுகின்றது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரமில்லாவிடின் மாத்திரம் நீர் ஊற்றுக. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கன்றை எடுத்து, சுற்றிய வேர்களைக் கத்தரித்துப் புதுக்கலவையில் நடுக.

சாடியின் அடித்தட்டில் நீர் தங்கவிடாதீர்கள். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்த டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு இத்தகைய தெளிந்த சிறு நீரிலேயே முட்டையிடும். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

குசினிக் கழிவிலிருந்து கூட்டெரு

அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட வாளி ஒன்றே மேல்மாடத்திற்குப் போதும். மரக்கறித்தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றை இட்டு, ஒவ்வொரு முறையும் அதன்மேல் காய்ந்த இலையையோ தும்புத்தூளையோ மூடுக. மீனும் இறைச்சியும் எண்ணெய்ச்சோறும் சேர்க்கலாகாது. வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதமளவில் மண்வாசனையுள்ள கருநிறக் கூட்டெரு கிடைக்கும். நகரத்தின் குப்பை எங்கு போய்ச் சேருகின்றது என்பதை, 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தபோது நாடு கண்டது. வீட்டில் எருவாகும் ஒவ்வொரு வாளிக் கழிவும் அத்தகைய மேட்டில் ஒரு வாளி குறைவாகும்.

மிஞ்சிய பசளை எங்கே போகின்றது?

கொழும்பில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெருமழை பெய்யும். மழை இருண்டு வரும்போது பசளையிடாதீர்கள். அது புல்லைச் சேராமல் வடிகானைச் சேரும். அங்கிருந்து வெள்ளவத்தைக் கால்வாய் முதலிய நீரோட்டங்களுக்குப் போகும். கழிவுநீரோடு சேர்ந்து இச்சத்துகள் நீர்நிலையில் மிகும்போது நீர் பச்சையாகிப் பாசி படரும். பேரை வாவியின் பசிய நிறத்தைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள்.

கமக்காரர்களே, இங்குதான் இப்பேச்சு உங்கள் நிலத்திற்குத் திரும்புகின்றது. நகரத்தில் மிஞ்சிய பசளை கால்வாயை அடைகின்றது. உங்கள் தோட்டத்தில் மிஞ்சியது உங்கள் கிணற்றை அடைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கற்பிட்டியின் மணல் நிலத்திலும், மரக்கறித் தோட்டங்களை அடுத்த பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும். நைத்திரேற்றை நீரைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது. கொழும்பிலுள்ள பேரப்பிள்ளை விடுமுறைக்கு வந்து குடிப்பதும் அக்கிணற்று நீரையே.

இதனால் பசளையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை நீங்கள் பட்ட பாட்டை எவரும் மறக்கமாட்டார்கள். நெல் விளைச்சல் வெகுவாக வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நகரத்தவரும் மேல்மாடத்தில் கீரை நட்டனர். ஒரு பிடி யூரியாவின் அருமை அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அருமையான பொருளை அளந்து இடுவதே அறிவுடைமை. ஆகவே, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்ற அளவைப் பலமுறையாகப் பிரித்து இடுங்கள். கூட்டெருவையும் சேர்த்து இடுங்கள்.

வயல் உங்கள் தவறைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும். சாடி ஒரு வாரங்கூடப் பொறுக்காது. ஆதலால் சாடியை ஓர் ஆசானாகக் கொள்ளுங்கள். அடுத்தமுறை கொழும்புக்கு வரும்போது யூரியாப் பையை வயலுக்கே விட்டுவிட்டு, நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பை கொண்டுவாருங்கள். அத்தகப்பனார் அவ்வாறே கொண்டுவந்து, மகளுக்குப் புதிய கறிவேப்பிலைக் கன்றொன்றை நட்டுக் கொடுத்தார். அது இன்று இரண்டு அடி வளர்ந்து நிற்கின்றது.