திரையில் அறுந்த விலங்கு
(கட்டுமாவடியில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சினிமாவைப் பற்றிப் பேசத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், நம் இளைஞர் முன்னோர் வரலாற்றை ஏட்டிற் கற்பதினும் திரையிற் காண்பதே மிகுதியாதலின், அத்திரை காட்டுவது யாது, காட்டாது விடுவது யாது என ஆராய்தல் ஆசிரியர் கடமையேயாகும்.

பி. ஆர். பந்துலு அவர்கள் 1965இல் எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை அறியாதார் இங்கு இலர். மணிமாறன் என்னும் மருத்துவன் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான், உடனிருந்தாரோடு கிளர்ந்தெழுகிறான், முடிவில் விடுதலை பெறுகிறான். காண்பார் தோள் பூரிக்கிறது. ஆனால் அந்நாடும் கற்பனை, அத்தீவும் கற்பனை.

நம் கண்ணெதிரே கிடக்கும் இக்கடலோ கற்பனையன்று. 19ஆம் நூற்றாண்டில், நமக்குத் தெற்கேயுள்ள அம்மாபட்டினம், தொண்டி முதலிய துறைகளில் ஏழை மக்கள் பலர் தோணியேறினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிலேயே நோயால் மாண்டோர் பலர். எஞ்சியோரைக் கட்டியது இரும்பன்று. கங்காணி கொடுத்த முன்பணக் கடன். பின்னாளில் அக்கடனைக் குறித்த காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்க்க ஒப்பும் வேறொரு தோட்டத்துக்கே ஆளை விடுவர். 1921இல் சட்டத்தால் ஒழியுமட்டும் அம்முறை நிலவியது. வாளால் வெட்டத்தக்க விலங்கன்று அது.

இத்தகைய விலங்கை, நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வைத்துக் காட்டியது பாலா அவர்களின் 'பரதேசி' (2013). தோட்ட மருத்துவராயிருந்த பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது. அங்கே வெற்றி முழக்கம் இல்லை. நாயகன் அகப்பட்ட தோட்டத்துக்கே அவன் மனைவியும் மகனும் வந்து சேர்கின்றனர். என்னோடு காணச் சென்ற அன்பர் இருவர், "இதை எவன் பார்ப்பான்?" என்று பாதியிலே எழுந்து போயினர்.

அவர்களை யான் குறைகூறேன். என் பாட்டனாரின் தமையனார் 'வியாபாரத்துக்குக் கொழும்பு போனார்' என்றே என் வீட்டிற் சொல்லிவந்தனர். கூலியாய்ப் போனார் என்பதை என் தந்தையார் இறுதிக்காலத்தில், அதுவும் மெல்லிய குரலிலேதான், எனக்குச் சொன்னார். போனவர் பெயரை அவரும் அறியார். வென்றவனை உறவென்று கொண்டாடுகிறோம். கட்டுண்டவன் பெயரை மறந்துவிடுகிறோம். திரையின் குறை நம் திண்ணையிலும் உண்டு.

ஆதலின், தோணியேறியவர் பெயர்களை முதியோர்பாற் கேட்டெழுதி நம் மாத இதழுக்கு அனுப்புங்கள். உடன்சென்ற பிற குலத்தார் பெயர் தெரிந்தால் அதனையும் விடாது எழுதுங்கள். கடன்பட்டது அவர் குற்றமன்று. பெயரை மறந்தது நம் குற்றம்.